மேலே இருக்க வேண்டிய பெயர்

ஜூன் 3, திங்கள்

முதலாளி நாச்சிமுத்து இன்று என் படத்தைப் பார்த்தார். பார்த்தார் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கம்ப்யூட்டர் திரையை விரலால் தேய்த்து, "இது என்னங்க சார், ஓரத்துல ஒரு பொட்டி?" என்றார்.

லெஜண்ட் என்றேன். எந்த நிறம் எந்தத் தீவனம் என்று சொல்லும் பெட்டி. அது இல்லாவிட்டால் படம் வெறும் கிறுக்கல். நாமக்கல்லில் இந்தக் கோழித்தீவனக் கம்பெனியில் புள்ளியியல் நிபுணர் என்ற பெயரில் மூன்று வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். மூன்று வருஷமாக இதே கேள்வி. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

விஷயம் இவ்வளவுதான். கம்பெனியின் சொந்தப் பண்ணையில் பன்னிரண்டு ஷெட். முதல் ஆறுக்குப் பழைய தீவனம், மீதி ஆறுக்குப் புதுத் தீவனம். புதியதில் சிப்பித்தூளைக் குறைத்து வேறு என்னத்தையோ கலந்திருக்கிறார்கள். அதனால் முட்டை ஓடு மெலிந்து உடைகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. ஷெட் ஷெட்டாகத் தினமும் உடைசலை எண்ணி நோட்டில் எழுதித் தருவார்கள், நான் படமாக்க வேண்டும். நல்லபடியாக வந்தால் 24ஆம் தேதி டீலர்களைக் கூப்பிட்டுப் புதுத் தீவனம் அறிமுகம்.

படத்தில் மூன்று அடுக்கு வைத்திருக்கிறேன். தினசரி உடைசல் புள்ளிகள். அதன் மேல் வாரச் சராசரிக் கோடு. கோட்டைச் சுற்றி ஏற்ற இறக்கம் காட்டும் மங்கலான பட்டை. சும்மா விட்டால் மென்பொருள் அடுக்குக்கு ஒன்றாக மூன்று லெஜண்டை வரிசையாக நிறுத்திவிடும். நான் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கினேன். புள்ளிகள் நெருக்கியடிப்பதால் படத்தில் வெளிறலாக விட்டு, லெஜண்டுக்குள் மட்டும் அதே புள்ளியை அழுத்தமாக, பெரிதாகத் தெரிய வைத்தேன். ஈரோட்டிலிருந்து சேலம் வரை இதைச் செய்யத் தெரிந்தவன் எவனாவது இருந்தால் வரட்டும், காலில் விழுகிறேன்.

இப்போதைக்கு முதல் மூன்று வாரக் கணக்கைத்தான் ஏற்றியிருக்கிறேன். இரண்டு கோடும் பின்னிக்கொண்டு கிடக்கின்றன.

ஜூன் 4, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் ஆட்களுக்கு உடைசல் முட்டை சும்மா கொடுக்கும் நாள். வருஷக்கணக்காக ஆளுக்கு ஓர் அட்டைதான், முப்பது முட்டை. ஒரு மாதமாக இரண்டு அட்டை. முட்டையே தொடாத என் தலையிலும் இரண்டைக் கட்டுகிறார்கள். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தேன். "கம்பெனிக்கு நல்ல காலம் போல இருக்குங்களே சார்" என்று ஒரே பூரிப்பு. ஓசியில் வந்தால் உலகத்தில் எல்லாம் நல்ல காலம்தான்.

பேன்ட்டில் மஞ்சள் கரு. சலவைக்குப் போட வேண்டும்.

ஜூன் 6, வியாழன்

முதலாளிக்கு லெஜண்ட் புரிந்துவிட்டது. நமக்குக் கேடுகாலம்.

பழைய தீவனம் முதலில், புதுத் தீவனம் அதற்குக் கீழே என்று பெட்டியில் நின்றதில் அவருக்கு மனசு கேட்கவில்லை. "நம்ம சரக்கு மேல இருக்கோணுமுங்க சார். கீழ போட்டா டீலருங்க என்ன நெனப்பாங்க?" என்றார். கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் கீழே போய்விட்ட மாதிரி ஒரு முகம்.

நல்ல படத்தை இவருக்காகக் கெடுக்க வேண்டும். இருந்தும் சொன்னபடி செய்தேன். லெஜண்டுக்கு நிரலில் ஒரு வரி சேர்த்து நானே கையால் பெயர் எழுதினேன், புதியது முதலில், பழையது இரண்டாவதாக. பெட்டியில் அப்படியே வந்தது. நீலத்துக்குப் பக்கத்தில் 'புதியது', ஆரஞ்சுக்குப் பக்கத்தில் 'பழையது'. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அவர் கையைத் தட்டாத குறை.

ஜூன் 10, திங்கள்

எட்டு வாரக் கணக்கும் முழுசாக வந்து ஏற்றியாயிற்று. நான்காவது வாரத்திலிருந்து கோடுகள் பிரிகின்றன. ஆரஞ்சு மேலே போகிறது, நீலம் கீழேயே நிற்கிறது. பார்த்த மாத்திரத்தில் தெரிகிற வித்தியாசம். புள்ளியியல் சோதனையும் போட்டுப் பார்த்தேன், தற்செயலாக வந்த வித்தியாசம் இல்லை என்று அடித்துச் சொல்கிறது. எது அதிகம் எது குறைவு என்று அந்தச் சோதனை முடிவில் நான் தேடவில்லை. படம் இருக்கிறதே, லெஜண்ட் இருக்கிறதே.

நீலம்தான் புதியது. ஆக, புதுத் தீவனத்தில் உடைசல் பாதிதான். சிப்பித்தூளைக் குறைத்தால் ஓடு கெட்டிப்படுகிறது. கோழியும் இந்த ஊர் முதலாளிகளிடம் சம்பளம் வாங்குகிறவன் மாதிரிதான் போலிருக்கிறது, குறைத்துக் கொடுத்தால் நன்றாக வேலை செய்கிறது.

முதலாளி ஆபீஸ் முழுக்க ஜாங்கிரி கொடுத்தார். எனக்கு இரண்டு.

ஜூன் 12, புதன்

காலையில் டாக்டரம்மா வந்து நின்றார். பெயர் அங்கயற்கண்ணி. பண்ணையின் கால்நடை மருத்துவர், மதுரைப் பக்கம், ஒன்பது வருஷமாக இங்கே. அந்த உடைசல் நோட்டுகள் எல்லாம் இவர் பொறுப்பு. ரப்பர் பூட்ஸோடு என் அறைக்குள் வந்தார். அந்த வாசனை போக மதியம் வரை ஆயிற்று.

படம் தப்பு என்கிறார். புதுத் தீவனம் போடும் ஷெட்களில்தான் முட்டை பொலபொலவென்று உடைகிறதாம். எடுக்கும்போதே கட்டைவிரல் உள்ளே போய்விடுகிறதாம். கண்ணால் பார்த்தாராம். அறுபதாயிரம் கோழியை இவர் கண்ணால் பார்த்துவிட்டார், நான் எட்டு வாரக் கணக்கை வைத்துக்கொண்டு பூப்பறிக்கிறேன்.

"எங்கயோ மாறியிருக்கு சார். ஒரே ஒரு தடவை உங்க பக்கம் திறந்து பாத்துருங்களேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். என் பக்கம் திறந்து பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்றேன். இருபது வருஷமாக இதே தொழில். கோழிக்கு ஊசி போடுகிறவர் வந்து எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஜூன் 13, வியாழன்

ஆபீஸ் பையன் காபியில் சர்க்கரை போட்டுவிட்டான். இந்த ஊரில் ஒன்றைச் சொன்னால் சொன்னபடி செய்ய ஓர் ஆள் கிடையாது.

ஜூன் 15, சனி

முதலாளி அறையில் கூட்டம். அவர், நான், டாக்டரம்மா. அந்தம்மா அங்கேயும் வந்து அதையே சொன்னார். 24ஆம் தேதி விழா வேண்டாம், இன்னொரு தடவை சரிபார்க்காமல் இந்தத் தீவனத்தை வெளியே விட்டால் ஊரான் பண்ணையெல்லாம் கெட்டுப்போகும் என்றார். முதலாளி முகம் சுருங்கியது. என்னைப் பார்த்தார்.

எனக்கு இன்றைக்கு நாக்கு நன்றாக இருந்தது. "நோட்டு டாக்டரம்மாவோடது, கண்ணும் டாக்டரம்மாவோடது. ரெண்டும் வேற வேற சொல்லுது. ரெண்டுல எது பொய்னு அவங்களே சொல்லட்டும்" என்றேன்.

முதலாளி சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நின்றுவிட்டது. பழைய தீவனத்துக்குச் சரக்கு கொடுக்கும் ஏஜென்ட்டும் டாக்டரம்மாவும் ஒரே ஊர்தானே என்று கேட்டார். அந்தம்மா எழுந்து போகும்போது என்னிடம் மட்டும், "இன்னைக்காவது திறந்து பாருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். திறந்து பார், திறந்து பார். அது என்ன அரிசிப் பானையா?

மத்தியானச் சாப்பாட்டில் இந்த வசனத்தை அக்கவுண்ட்ஸ்காரர்களிடம் இன்னொரு தடவை சொல்லிக் காட்டினேன். நன்றாக எடுபட்டது.

ஜூன் 17, திங்கள்

டாக்டரம்மாவை மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். பழைய ஏஜென்ட்டிடம் காசு வாங்கிக்கொண்டு, சொந்த நோட்டுக்கு எதிராகவே புதுச் சரக்கின் மேல் பழி போட்டார் என்று காரணம். காகிதத்தில் எழுதவில்லை, வாயால் பரப்பியாயிற்று. இந்த ஊர்ப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். ஒரு வாசலில் திருடி என்று சொன்னால் அடுத்த வாசலில் கதவு திறக்காது. இனி இந்த ஜில்லாவில் அவருக்கு வேலை கிடையாது.

பாவம்தான். ஆனால் நான் சொன்னது ஒரு கேள்வி மட்டும்தானே.

ஜூன் 19, புதன்

முதலாளிக்கு இன்னோர் ஆசை. உடைசல் இரண்டு சதவீதம் வரை இருந்தால் பரவாயில்லை என்பார்கள், அந்த அளவுக்கு ஒரு புள்ளிக்கோடு குறுக்கே போட வேண்டுமாம், அதற்கும் லெஜண்டில் பெயர் வேண்டுமாம். பேனர் அடிக்கிறவன் வந்து வாசலில் நிற்கிறான். நான்காவது அடுக்கைச் சேர்த்தேன், கோட்டுக்கு 'அளவு' என்று உள்ளே பெயர் கொடுத்தேன். லெஜண்டுக்கு நான் கையால் எழுதி வைத்திருந்த இரண்டு பெயருக்குக் கீழே மூன்றாவதாக அதையும் எழுதினேன்.

படம் வந்தது. குறுக்கே நேராகப் போகிற புள்ளிக்கோட்டுக்குப் பக்கத்தில் 'புதியது' என்று நிற்கிறது. நீலத்துக்குப் 'பழையது'. ஆரஞ்சுக்கு 'அளவு'. இதைச் செய்தவன் எந்த ஊர் மடையனோ என்று மென்பொருளைத் திட்டினேன். நன்றாகவே திட்டினேன், பேனர்காரன் எட்டிப் பார்த்தான்.

அப்புறம் கொஞ்சம் உட்கார்ந்தேன்.

மென்பொருள் எல்லாவற்றையும் அகரவரிசையில்தான் நிறுத்துகிறது. 'அளவு' வந்ததும் அது முதலில் போய் நின்றுவிட்டது. நான் எழுதுகிற பெயர்களால் வரிசை மாறாது, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு ஒட்டப்படும், அவ்வளவுதான். வரிசையை மாற்ற வேறு இடத்தில் சொல்ல வேண்டும். முதல் வருஷம் படிக்கிற பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அப்படியானால் 6ஆம் தேதி நான் செய்தது என்ன? சீட்டு மட்டும்தான் இடம் மாறியிருக்கிறது.

நான் எழுதிய பெயர்களை எடுத்துவிட்டு ஓட்டினேன். நீலம், பழையது. ஆரஞ்சு, புதியது. ஆரஞ்சுதான் மேலே போகிறது. புதுத் தீவனத்தில் உடைசல் இரட்டிப்பு.

பேனர்காரனை நாளைக்கு வரச் சொன்னேன். தலைவலி என்றேன்.

ஜூன் 20, வியாழன்

நிதானமாக யோசிக்க வேண்டும். இந்த ஊரில் அந்த ஒரு வரியைத் திறந்து வாசிக்க என்னைத் தவிர ஆள் இல்லை. இது எனக்குச் சாதகம் என்று காலையில் தோன்றியது. மத்தியானம் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தவன் பாதியில் எழுந்துவிட்டேன்.

பேனருக்குச் சீட்டு மாறிய பழைய படத்தையே கொடுத்தேன். முதலாளி கேட்டார், கொடுத்தேன்.

ஜூன் 21, வெள்ளி

இந்தக் கம்பெனியில் சேர்ந்து முதல் தடவையாகக் கோழி ஷெட்டுக்குள் போனேன். ஒன்பதாம் நம்பர். கண்ணில் தண்ணீர் கொட்டியது, அமோனியா. முட்டை எடுத்துக்கொண்டிருந்த பாவாத்தாள் என்ற அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏனுங், கரண்ட் ஆபீசுங்களா?" என்று கேட்டார். இதே கம்பெனிதான் என்றேன். நம்பவில்லை.

உடைசல் எப்படி எண்ணுவீர்கள் என்று கேட்டேன். ஒவ்வொரு அட்டையிலும் ஷெட் நம்பரைச் சாக்பீஸால் எழுதி, எண்ணி, டாக்டரம்மா வந்து திரும்ப எண்ணின பிறகுதான் நோட்டில் ஏறுமாம். ஒரு முட்டை கூடக் குறைய இருந்தால் முதலில் இருந்து எண்ணச் சொல்வாராம். கையில் இருந்த ஒன்றை என்னிடம் நீட்டினார். வாங்கும்போதே விரல் உள்ளே போய்விட்டது.

கழுவத் தண்ணீர் ஊற்றினார். நான் நன்றி சொன்னேனா என்று ஞாபகமில்லை.

ஜூன் 22, சனி

டாக்டரம்மா நோட்டுகளை ஒப்படைக்க வந்தார். எட்டு வாரம், பன்னிரண்டு ஷெட். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, கையெழுத்து. வெயில் காலத்தில் வியர்வை பட்டு மை கசிந்த பக்கங்களைத் திரும்பத் தெளிவாக எழுதி ஒட்டியிருந்தார். என் மேஜையில் அடுக்கி வைத்துவிட்டு நின்றார்.

"நானும் நாலு நாளா யோசிச்சுப் பாத்துட்டேன் சார். நீங்க சொன்னது சரியா இருக்கலாம். எனக்கு இந்தப் புதுத் தீவனத்துமேல ஆரம்பத்துல இருந்தே பிடித்தம் இல்ல. அதனால கண்ணு அப்படிப் பாத்துச்சோ, இல்ல கை நோட்டுல மாத்தி எழுதிருச்சோ தெரியல. அப்படி எழுதியிருந்தா தப்பு என்னோடதுதான். நீங்க பாத்துச் சொல்லுங்க, ஏத்துக்கறேன்."

நான் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கிறேன் என்றேன். அவர் போய்விட்டார்.

இந்த டைரியில் ஊரில் உள்ள எல்லாரையும் முட்டாள் என்று எழுதியிருக்கிறேன். இன்று என்னைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. முட்டாள் என்று எழுதினால் தப்பித்துக்கொள்வதாக ஆகும்.

ஜூன் 23, ஞாயிறு

மோகனூர் ரோட்டில் டாக்டரம்மா வீட்டுக்குப் போனேன். பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உட்காராமலே சொன்னேன். சீட்டு மாறியது, நோட்டு சரி, கண்ணும் சரி, தப்பு முழுக்க என்னுடையது என்று வரிசையாகச் சொன்னேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததால் நன்றாகவே வந்தது. அழுவார் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் கத்துவார். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

சுற்றிக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "எப்ப தெரிஞ்சுது?" என்றார்.

புதன்கிழமை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அதற்குப் பாராட்டு எதிர்பார்த்தேனோ என்னவோ.

அவர் விரலை மடக்கி எண்ணவில்லை, ஆனால் எண்ணுவது முகத்தில் தெரிந்தது. புதன், வியாழன், வெள்ளி, சனி.

"அப்ப நேத்து, நான்தான் மாத்தி எழுதிட்டேன் போலன்னு என் வாயால சொல்லிட்டு நின்னப்ப, உங்களுக்குத் தெரியும்."

தெரியும் என்றேன்.

"படம் மாறுறது யாருக்கும் நடக்கும் சார். நேத்து நடந்தது அப்படி இல்ல" என்றார். பிறகு அடுத்த டம்ளரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். நான் வந்துவிட்டேன். 

ஜூன் 24, திங்கள்

காலை ஏழரைக்கே மண்டபத்துக்குப் போய் முதலாளியைப் பிடித்தேன். மேடையில் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் லெஜண்ட் ஆள் உயரத்துக்கு இருந்தது. அழுத்தமான புள்ளி, சுத்தமான பெட்டி, மேலே நம்ம சரக்கு. தூரத்திலிருந்தே வாசிக்க முடிந்தது.

மடிக்கணினியைத் திறந்து, அந்த வரியைக் காட்டி, பெயரை எடுத்துவிட்டால் என்ன வருகிறது என்பதையும் அவர் கண்முன்னால் ஓட்டிக் காட்டினேன். இதை இவர் எங்கே புரிந்துகொள்ளப் போகிறார் என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு. முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, புரிந்துகொண்டார்.

"இத்தனை படிச்சு என்னத்துக்குங்க சார்? எங்க பாவாத்தா அட்டையில ஒரு நாளாச்சும் நெம்பர் மாத்தி எழுதியிருக்குதுங்களா?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. என்னை அவர் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வைதான், நான் மூன்று வருஷமாக அவரை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேனரை இறக்கச் சொன்னார். டீலர்களிடம், ஆடி வருகிறது, ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஜோசியர் சொல்லிவிட்டார் என்று ஒரே போடாகப் போட்டு, கேசரியும் டிபனும் கொடுத்து அனுப்பினார். ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. அப்புறம் காரை எடுத்துக்கொண்டு அவரே மோகனூர் ரோட்டுக்குப் போனார். என்னைக் கூப்பிடவில்லை.

நான் ராஜினாமாவை எழுதி அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

ராஜினாமாவைக் கிழித்துவிட்டார்கள். முதலாளி தரப்புக் காரணம், படம் போட வேறு ஆள் இல்லை. டாக்டரம்மா திரும்பி வர ஒப்புக்கொண்டார். ஆனால் இரண்டு விஷயம் கேட்டாராம். ஏஜென்ட் ஆள் என்று எந்தெந்தப் பண்ணையில் வாயால் சொன்னார்களோ அங்கெல்லாம் முதலாளி நேரில் போய் வாயாலேயே திருப்பிச் சொல்ல வேண்டும். இன்னொன்று, வைத்தீஸ்வரன் சார் போகக்கூடாது. என்னைக் காப்பாற்றுகிறார் என்று ஒரு மணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 1, திங்கள்

இனி டாக்டரம்மாவின் கையெழுத்து இல்லாமல் என் படம் எதுவும் வெளியே போகக்கூடாது. அதுதான் அந்த இரண்டாவது விஷயம். ஒவ்வொரு திங்களும் பத்து மணிக்கு வருவாராம்.

இன்று பத்துக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. நோட்டை விரித்துக் கையில் வைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கே எல்லாம் தெரிகிற மாதிரி லெஜண்டைப் பெரிதாக்கினேன், அங்கேயே எழுதியிருக்கிறது பாருங்கள் என்றேன்.

"எழுதியிருக்கறது இருக்கட்டும். எந்த நிறம் எது, வாயால வாசிங்க" என்றார்.

கதவு திறந்திருந்தது. அக்கவுண்ட்ஸ்காரர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீலம் பழையது, ஆரஞ்சு புதியது, ஒன்றாம் ஷெட் நீலம் என்று வாசித்தேன். நோட்டில் சரி பார்த்துவிட்டு, அடுத்த ஷெட் என்றார். பன்னிரண்டையும் வாசித்தேன்.